கதைப் புத்தகத்தை வாடகைக்குக் கொடுத்தது குற்றமா?

களக்காட்டுப் பக்கமிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அடையாளம் காட்டிவிடக்கூடிய இரண்டொரு விவரங்களையும் நான் மாற்றியிருக்கிறேன்.

அவருடைய கணவர் தபால் துறையில் வேலை பார்த்தவர். சம்பளத்தில் பாதி புத்தகத்துக்கே போய்விடுமாம். அவர் காலமான பிறகு அந்தப் புத்தகங்களை முன்னறையில் அடுக்கி வைத்து, வாரத்துக்குப் பத்து ரூபாய் வாடகைக்கு விடுகிறார் இந்த அம்மா. துப்பறியும் நாவல்கள், மாத நாவல்கள், வேட்டைக் கதைகள், பாளையக்காரர் வரலாறு, மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட கதை, 1920-களில் அந்த மலையடிவாரத்தில் நடமாடிய கொள்ளைக்காரர் ஜம்புலிங்கத்தின் கதை என்று கொலை, கொள்ளை, வீரம் நிறைந்த அலமாரிதான் அதிகம் ஓடுகிறது.

கோடை விடுமுறையில் பதினைந்து வயதுப் பையன்கள் மூன்று பேர், ஜம்புலிங்கம் பதுங்கிய குகையைப் பார்க்கப்போகிறோம் என்று தலையணைக்கு மேலே காட்டுக்குள் ஏறிவிட்டார்கள். பொழுது சாய்ந்த பிறகு வனத்துறையினர் கண்டுபிடித்து, ரேஞ்சர் ஆபீஸில் உட்காரவைத்து, பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பாறையில் வழுக்கியதில் ஒருவனுக்கு முழங்காலில் தையல். அவன் பையில் இருந்த புத்தகத்தில் அம்மாவின் ரப்பர் ஸ்டாம்பு.

மறுநாள் அந்தப் பையனின் அப்பா வாசலில் வந்து நின்று, “நீங்க குடுத்த பொஸ்தகத்தப் படிச்சிட்டுத்தான் எம்புள்ள காட்டுக்குப் போனான். அம்பதாயிரம் குடுங்க, இல்லன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருவேன்” என்று சத்தம் போட்டிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து ஒருவர் போன் செய்து, “யார் யாருக்குப் பொஸ்தகம் குடுத்தீங்கன்னு எழுதுற நோட்ட எடுத்துக்கிட்டு வந்து பாத்துட்டுப் போங்கம்மா” என்று சொல்லியிருக்கிறார். சென்னையில் இருக்கும் மகன், எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடச் சொல்கிறான். பேசாமல் ஒரு பத்தாயிரம் கொடுத்து வாயை அடைத்துவிடலாமா என்று இவருக்கே ஒரு யோசனை. கடிதத்தை இப்படி முடித்திருக்கிறார்: “பிள்ளைகளை நான்தான் கெடுத்துவிட்டேனா?”

அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் யாரையும் கெடுக்கவில்லை, சட்டத்தின் கண்ணில் குற்றமும் செய்யவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கொஞ்சமும் பயப்படாமல் எழுதியிருக்கிற ஒரு வரி இருக்கிறது. எனக்குக் கவலை தந்தது அதுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தூண்டினீர்களா?

பையனின் அப்பா ‘தூண்டிவிட்டீங்க’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தூண்டுதல் எது என்று, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. ஒருவரை ஒரு காரியம் செய்யும்படி ஏவ வேண்டும், அல்லது அதற்காகச் சதியில் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது அது நடக்க வேண்டும் என்ற நினைப்போடு உதவியிருக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆளின் கதையைப் பத்து ரூபாய்க்குக் கொடுத்து அனுப்பியது இந்த மூன்றில் எதிலும் அடங்காது. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவேன் என்று அவர் சொன்னாலும் நிலைமை இதுதான். உங்கள் அலமாரிக்கும் அந்த முழங்காலுக்கும் நடுவில் ஒரு மலையும், மூன்று பையன்களின் சொந்த முடிவும் இருக்கின்றன.

பையன்கள் மீறியது வேறு சட்டம். அவர்கள் ஏறியது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 27-ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. வயதைப் பார்த்து வனத்துறை எழுதி வாங்கிக்கொண்டு விட்டது. அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. அதில் உங்கள் பெயர் வர இடமே இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். கொலைக் கதை கேட்டால் பிள்ளை கெட்டுவிடும் என்றால், நம் பக்கத்தில் ஒரு கோயில் கொடைத் திருவிழாவும் நடத்த முடியாது. விடிய விடிய வில்லுப்பாட்டில் என்ன பாடுகிறார்கள்? அதே காப்பகத்துக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். அங்கே நிற்கும் முத்துப்பட்டன், மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டு, வஞ்சகமாகக் குத்துப்பட்டுச் செத்தவன். அவன் மனைவிகள் பொம்மக்கா, திம்மக்கா கதையைக் கேட்டு அழாத பெண்கள் உண்டா? சந்தையில் காலணாவுக்கு, கொலையைப் பாட்டாகச் சொல்லும் கொலைச்சிந்து வாங்கிப் பாடிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள்தான் நாமெல்லாம்.

அப்படியானால் சட்டமே இல்லையா?

இருக்கிறது. ‘புத்தகத்துக்கெல்லாம் ஏது சட்டம்’ என்று உங்கள் தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அது சரியில்லை. இளையோர் (தீங்கான வெளியீடுகள்) சட்டம், 1956 என்று ஒன்று உண்டு. வக்கீல்களிலேயே பலருக்கு அது நினைவில் இருக்காது. முழுவதுமோ பெரும்பகுதியோ குற்றச் செயல்களையும் வன்முறையையும் குரூரத்தையும் அருவருப்பான சம்பவங்களையும் காட்டுகிற கதைகள், இளையவர்களைக் கெடுக்கும் தன்மையில் இருந்தால் அது ‘தீங்கான வெளியீடு’. அதை விற்பது மட்டுமல்ல, வாடகைக்கு விடுவதும் குற்றம் என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இளையவர் என்றால் இந்தச் சட்டத்தில் இருபது வயதுக்கு உட்பட்டவர், பதினெட்டோடு நின்றுவிடவில்லை.

படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது, இல்லையா? பதற வேண்டாம். ஒரு பக்கத்தில் ரத்தம் இருக்கிறது, அட்டையில் கத்தி இருக்கிறது என்பதெல்லாம் போதாது. புத்தகத்தை முழுதாக எடுத்துப் பார்த்து, அது குற்றம் செய்யச் சொல்லி ஊக்குவிக்கிறதா, படிக்கிற பிள்ளையைக் கெடுக்குமா என்று கேட்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி மாட்டிக்கொள்ளும் துப்பறியும் கதை அதில் எங்கே வரும்? பாளையக்காரர் வரலாறு எங்கே வரும்? என் கைக்கு இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்கும் இதுவரை வந்ததில்லை.

‘ஜம்புலிங்கம் புத்தகத்துக்குத் தடை இருக்காமே’ என்று யாரோ கிளப்பிவிட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு புத்தகத்தைப் பறிமுதல் செய்ய வேண்டுமென்றால் மாநில அரசு காரணம் காட்டி அறிவிக்கை வெளியிட வேண்டும். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். தெருவில் நின்று யாரும் புத்தகத்துக்குத் தடை போட முடியாது. ஜம்புலிங்கத்தைப் பொறுத்தவரை, டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரே அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்த ஓர் அம்மையாருக்கே அந்தக் கதை எழுதத் தக்கதாகத்தான் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் ஒரு வேலை செய்யுங்கள். மாத நாவல்களில் பெரியவர்களுக்கு மட்டுமே ஆகும் சில இருக்கும். எவை என்று உங்களுக்கே தெரியும். அவற்றைப் பிரித்துத் தனி அலமாரியில் பூட்டி வையுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் அட்டையில் அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போடட்டும். நாளைக்கு யாராவது கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை என்று காட்ட அது போதும்.

ஸ்டேஷனிலிருந்து வந்த போன்

போனில் கூப்பிட்டார்கள் என்பதற்காக நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஒரு பெண்ணை சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால், அவர் குடியிருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவு இது. நோட்டு வேண்டுமென்றால் 94-ஆம் பிரிவின்படி எழுத்தில் கேட்கட்டும். மறுபடி போன் வந்தால், “வீட்டுக்கு வாங்கய்யா, என்ன கேட்டாலும் சொல்லுதேன். நோட்டு வேணும்னா எழுதிக் கேளுங்க” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கூப்பிட்டவரின் பெயர், போன் வந்த தேதி, நேரம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். உங்கள் மேல் மனு வந்திருக்கிறதா, சி.எஸ்.ஆர். (மனுவைப் பதிந்ததற்கான ரசீது) போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். 35(3) என்று பிரிவைப் போட்டு எழுத்தில் நோட்டீஸ் வந்தால் அது வேறு. அது சாட்சிக்கு வருவதில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்கு வருவது. அதற்குப் போகாமல் இருக்கக் கூடாது. வக்கீலோடு போங்கள்.

நோட்டில் அந்தப் பையன்களின் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. ஒளிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் கிழிந்த பக்கம் ஒன்று இருந்தால், அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். அதே சமயம் அந்த நோட்டை ஊர்க்காரர்கள் புரட்டவும் விடாதீர்கள். மூன்று பையன்களின் போட்டோவையும் யாரோ பேஸ்புக்கில் போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். சட்டத்தோடு முரண்பட்ட சிறுவர்களின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அப்பா கோபப்பட வேண்டியது அந்தப் பதிவைப் போட்டவர் மேல். நேரம் வாய்த்தால் அவரிடமே சொல்லுங்கள்; உங்கள் மேல் உள்ள கோபம் கொஞ்சம் திசை மாறும்.

ஐம்பதாயிரம், பத்தாயிரம்

ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பத்தாயிரம் கொடுத்தால் வாய் அடையாது. ‘தப்பு இல்லைன்னா ஏன் குடுத்தா’ என்ற பேச்சுத்தான் மிஞ்சும். பொய்யாகக் குற்றம் சாட்டுவேன் என்று மிரட்டிப் பணம் கேட்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் மிரட்டிப் பறித்தல் வரைக்கும் போகக்கூடிய விஷயம். ஆனால் நீங்கள் முந்திக்கொண்டு அவர் மேல் மனு கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையைக் காணாமல் ராத்திரி வரை மலையடிவாரத்தில் நின்ற மனுஷன் மறுநாள் வந்து கத்தியிருக்கிறார். அதே தெருவில்தான் நீங்களும் இருக்க வேண்டும். மறுபடி வந்து பணம் கேட்டால், பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேரைக் கூட வைத்துக்கொண்டு, “கேஸ் போடணும்னா போடுங்க, நான் கோர்ட்ல பேசிக்கிடுதேன்” என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அதற்கு மேலும் தொடர்ந்தால் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். தையல் போட்ட பையனைப் போய்ப் பார்ப்பதில் தப்பே இல்லை. பழம் வாங்கிக்கொண்டு போங்கள், பணத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

‘எங்க ஆளு’

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தைத் திருப்பித் தர வரும் பையன்களில் ஒருவன் ஜம்புலிங்கத்தை ‘எங்க ஆளு’ என்பானாம், இன்னொருவன் ஒரு பாளையக்காரரைக் காட்டி ‘அவரு எங்க ஆளு’ என்பானாம். ஒருத்தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அருவாள் படம் வைத்திருந்தானாம். வக்கீலாக இல்லாமல், இந்த மாவட்டத்துக்காரனாகச் சொல்கிறேன்: காட்டுக்குள் போனதைவிட எனக்கு இதுதான் உறுத்துகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாதிப் பகையில், கூடப் படிக்கும் பையனின் வீட்டுக்குள்ளேயே புகுந்து அருவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். அதற்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது; 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பள்ளியில் தடை செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் உண்டு. சிறுவர்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் நான் ஆஜராகியிருக்கிறேன். அந்தப் பையன்களின் போனைத் திறந்தால் நாற்பது பக்கக் கதைகூட இருக்காது. பின்னணிப் பாட்டோடு முப்பது விநாடி வீடியோ, ஒரு கொடி, ஒரு அருவாள், ஒரு மீசை. அவ்வளவுதான்.

புத்தகத்துக்கும் அந்த வீடியோவுக்கும் வித்தியாசம் என்னவென்றால், புத்தகம் கதையை முடிக்கும். மணியாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1911 ஜூன் 17, ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார் என்பதோடு வீடியோ முடிந்துவிடும். புத்தகம் அங்கே நிற்காது. பெட்டிக்குள் ஆஷின் மனைவியும் இருந்தார். பிளாட்பாரத்தில் ஓடிக் கக்கூஸுக்குள் புகுந்த வாஞ்சி தன்னையே சுட்டுக்கொண்டபோது அவருக்கு வயது இருபத்தைந்துதான். சட்டைப் பையில் இருந்த கடிதத்தில் ஆங்கிலேய அரசரைச் சாதி சொல்லி இகழும் இடமும் இருக்கிறது. அதைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் பதினான்கு பேர் மேல் சதி வழக்கு நடந்து, ஒன்பது பேருக்குத் தண்டனை. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருஷம். ஆஷின் கல்லறை இன்றும் பாளையங்கோட்டையில் இருக்கிறது. இவ்வளவையும் படித்த பையன் வாஞ்சியைக் கும்பிடலாம், கேள்வியும் கேட்கலாம். வெறும் ஸ்டேட்டஸ் வைப்பதோடு நின்றுவிட அவனால் முடியாது.

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் அப்படித்தான். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்துப்போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே எழுப்பிக் கிழக்கிந்தியக் கும்பினிப் படையை மே மாதம் வரை வாசலிலேயே நிறுத்தினார். அந்த வருஷமே தூக்கு. அவரை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரியே பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் அவரை வியந்து எழுதினார். எதிரி எழுதியதைப் படிக்கும் பையனுக்கு, வீரம் தன் தெருவுக்கு மட்டும் சொந்தம் என்று நினைப்பது கொஞ்சம் கஷ்டமாகிவிடும்.

அதனால் எடைக்குப் போடச் சொல்லும் மகனிடம், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ‘எங்க ஆளு’ புத்தகம் கேட்டு வருகிறவனுக்கு இன்னொரு ஆளின் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள்; இரண்டாவதுக்கு வாடகை வேண்டாம். இது சட்ட ஆலோசனை இல்லை, ஏற்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

நீங்கள் கேட்காத ஒன்று

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். ‘கிடைக்காத பழைய நாவல்களை ஜெராக்ஸ் போட்டு பைண்ட் பண்ணி வைத்திருக்கிறேன். வாடகைக்காரர்களுக்கு என்று வாட்ஸ்அப் குரூப் ஒன்று உண்டு. மகன் டெலிகிராமில் இறக்கித் தரும் பிடிஎஃப்களை அதில் இலவசமாகப் போடுவேன்’ என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள்.

அம்மா, காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை வாடகைக்கு விடுவதைப் பதிப்புரிமைச் சட்டம், 1957 தடுக்கவில்லை. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் பிரதி அது. ஆனால் ஜெராக்ஸும் பிடிஎஃப்பும் புதுப் பிரதிகள். எழுதியவர் இறந்து அறுபது வருஷம் வரை உரிமை அவர் வாரிசுகளுக்கோ பதிப்பாளருக்கோ உண்டு. 1970-இல் ஒருவர் இறந்திருந்தால் 2030 முடியும் வரை. மீறினால் 63-ஆம் பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. அதனால் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. அதோடு வாடகைக்காரர்கள் மட்டுமே இருக்கும் குரூப்பை ‘இலவசம்’ என்று எந்த நீதிபதியிடமும் என்னால் சொல்லி ஜெயிக்க முடியாது. கோபத்தில் இருக்கும் அந்த அப்பா ஒரு நல்ல வக்கீலைப் பிடித்தால், அந்த வக்கீல் கதையை விட்டுவிட்டு இதைத்தான் பிடிப்பார்.

பிடிஎஃப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள், குரூப்பில் இருப்பவற்றை எடுத்துவிடுங்கள். ஜெராக்ஸ் பைண்டிங்குகளை வாடகை அலமாரியிலிருந்து இறக்கி வையுங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள். இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். போகும்போது வாடகை நோட்டு, போன் வந்த தேதி குறித்த தாள், கையில் இருக்கும் புத்தக ரசீதுகள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.